கிலுக்கி வைத்த முல்லை

ஆம்பல் குளத்தின் மேற்குக் கரையில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி கிலுக்கியும் குடியிருந்தார்கள். கிலுக்கி நடந்தால் வால் முட்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுவென்று ஓசை வரும். அதனால்தான் அந்தப் பெயர்.

முள்ளம்பன்றிகளுக்குத் தோட்டம் போடுகிற பழக்கம் கிடையாது. அடுத்தவர் போட்ட தோட்டத்தைத் தோண்டுகிற பழக்கம்தான் உண்டு. கிலுக்கி மட்டும் வேறு மாதிரி. வளைக்கு முன்னால் ஒரு நந்தியாவட்டை, இரண்டு அரளி, வேலியோரம் ஒரு கோவைக் கொடி, பட்டுப்போன உசிலை மரத்தின் மேல் ஏற்றிவிட்ட முல்லை என்று சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருந்தாள். எல்லாமே வருஷக்கணக்கில் இருக்கிற செடிகள். ஒரு மழைக்கு முளைத்து அடுத்த வெயிலுக்குக் காய்கிற செடி அவளுக்குப் பிடிக்காது.

"வச்சா நம்மளோடயே கிழடு தட்டணும்" என்பாள்.

எல்லாவற்றிலும் முல்லைதான் அவளுக்கு உயிர். அந்தக் கொடியை நட்ட அன்று, ஈரக் கையோடு சிலுப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"உன் வாயை எனக்குத் தெரியும். வேரைக் கண்டா எச்சில் ஊறும். இந்த முல்லையைச் சுத்தி மட்டும் நகம் வைக்கமாட்டேன்னு சொல்லு."

"வைக்கமாட்டேன்."

"சும்மா சொல்லாதே. என் மேல சத்தியமா?"

"உன் மேல சத்தியம். போதுமா?"

ஒரு முள்ளம்பன்றியிடம் வேரைத் தோண்டாதே என்பது, பசித்தவன் முன்னால் சோற்றை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள் என்பது போல. ஆனாலும் சிலுப்பன் வாக்குத் தவறவில்லை. கொடி வளர்ந்து, உசிலை மரத்தின் உச்சியைத் தொட்டு, கூரை மாதிரி கவிழ்ந்த பிறகும் அதைச் சுற்றி ஒரு பிடி மண்ணைக்கூட அவன் கிளறியதில்லை.

முள்ளம்பன்றிகள் பகலெல்லாம் தூங்கிச் சாயங்காலம் எழுந்திருக்கும். முல்லையும் சாயங்காலம்தான் விரியும். ஆனி பிறந்துவிட்டால் சிலுப்பனை யாரும் தட்டி எழுப்ப வேண்டாம். வாசனை வளைக்குள் இறங்கி வந்து எழுப்பிவிடும். கண் விழித்தால் பக்கத்தில் கிலுக்கி இருக்கமாட்டாள். வெளியே அவள் முட்களின் ஓசை கேட்கும். இன்னும் கொஞ்சம் படுத்துக்கொண்டு அந்த ஓசையையும் வாசனையையும் சேர்த்து அனுபவிப்பான். அப்படி எத்தனையோ ஆனி போயிற்று. அந்த நாட்களுக்கு முடிவே கிடையாது என்று அவன் நினைத்திருந்தான். சுகமாக இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஓர் ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. வளைக்குள் ஈரம் ஏறியது. கிலுக்கிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மழை விட்டபோது அவள் இல்லை.

ஆம்பல் குளத்து விலங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மனிதர்கள் ஒரு வீட்டுக்குப் போகும்போது பழமோ பூவோ கொண்டுபோவார்களே, அப்படி இவர்கள் எரு கொண்டுபோவார்கள். கல்யாணம் என்றாலும் எரு. குட்டி பிறந்தாலும் எரு. துக்கம் என்றால், இறந்தவருக்கு மிகவும் பிடித்த செடியின் தூரில் எருவைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அதற்கு எருச்சீர் என்று பெயர். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கொடுக்கிறவர்களுக்கு அது விளையாட்டு அல்ல. அவரவர் எருதான் உலகத்திலேயே உசத்தி என்பதில் அவரவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

கிலுக்கியின் துக்கத்துக்குக் குளத்தைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் வந்தார்கள். அவள் அப்படிப் பழகியவள். துள்ளாயி என்ற முயல் ஓர் இலை நிறையப் புழுக்கை கொண்டுவந்தாள். சேற்றையன் என்ற காட்டுப்பன்றி சுடச்சுடக் கொண்டுவந்து கொட்டினான். காட்டெருமைகள் வரிசையில் வந்தன. அந்த வழியாகப் போன யானைக் கூட்டம்கூட விஷயம் கேள்விப்பட்டு நின்று, தங்கள் தகுதிக்குக் குறையாமல் லத்தி போட்டுவிட்டுப் போயிற்று. எல்லாம் முல்லையின் தூரில்தான்.

சிலுப்பன் வளை வாசலில் உட்கார்ந்து எல்லோருக்கும் தலையாட்டினான். குவியல் அவன் உயரத்துக்கு வளர்ந்தது. அவனுக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. என் கிலுக்கியின் மேல் இவர்களுக்கு இவ்வளவு பிரியமா என்று நினைத்து அழுதான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துக்கம் முடிந்த பிறகும் கிலுக்கியை நினைத்துக்கொண்டவர்கள் நினைத்துக்கொண்ட போதெல்லாம் எருவோடு வந்தார்கள். சிலுப்பனும் சும்மா இருக்கவில்லை. இரை தேடிப் போகிற இடத்தில் எந்தச் சாணத்தைக் கண்டாலும் உருட்டிக்கொண்டு வந்து முல்லையின் காலடியில் சேர்த்தான். அவளுக்கு என்று செய்ய அவனிடம் வேறு வேலை மிச்சமில்லை.

இந்தச் சமயத்தில்தான் புனுகப்பன் வந்து சேர்ந்தான். அவன் ஒரு மரநாய். இரவெல்லாம் பழம் தின்றுவிட்டுப் பகலில் மரக்கிளையில் சுருண்டு தூங்குகிறவன். தூக்கம்தான் அவனுக்குப் பெரிய கவலை. ஒரு மரத்தில் வெயில் அடிக்கும், இன்னொன்றில் காக்கை கொத்தும். நிழலும் மறைவும் சேர்ந்த படுக்கை ஒன்றை அவன் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தான்.

முல்லையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான்.

"அண்ணே, எரு எல்லாம் சரிதான். ஆனா வீரியம் பத்தாது. பாறைக் குகையில வௌவால் எச்சம் கிடக்கு. அது ஒரு கை போட்டா இந்த மாட்டுச் சாணி பத்து கூடைக்குச் சமம். அண்ணிக்காக நான் கொண்டாந்து போடறேன்."

"உனக்கு எதுக்குப்பா சிரமம்?"

"அண்ணிக்குச் செய்யறது சிரமமா?"

வௌவால் எச்சம் வந்தது. ஒரு கை அல்ல, கை கையாக வந்தது. முல்லை மதம் பிடித்தது போல வளர்ந்தது. கொழுத்த தண்டு, அகன்ற இலை, கரும்பச்சை நிறம். மாசி வெயிலில் மற்ற செடிகள் எல்லாம் சோர்ந்து நிற்க, இது மட்டும் உசிலை மரத்தை மூடிப் பக்கத்து மரத்துக்கும் தாவியது. உள்ளே பகலிலேயே இருட்டு. வந்தவர்கள் எல்லோரும் வாய் பிளந்தார்கள்.

"கிலுக்கி இருந்தப்பகூட இவ்வளவு செழிப்பு இல்லையேண்ணே" என்றாள் துள்ளாயி.

சிலுப்பன் மனம் குளிர்ந்து போனான். ஆனி வரட்டும், காடே மணக்கும் என்று காத்திருந்தான்.

ஆனி வந்தது. மொட்டு வரவில்லை.

முதல் மழையும் பெய்துவிட்டது. அக்கரையில் யாரும் கவனிக்காத காட்டு முல்லைகள்கூடப் பூத்துவிட்டன. இங்கே இலைக்கு மேல் இலைதான். சாயங்காலமானால் சிலுப்பன் பசியில்தான் விழித்தான். கண்ணைத் திறக்காமல் மூக்கை மட்டும் நீட்டிப் பார்ப்பான். சாணி நாற்றம் வரும்.

அவனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதை ஒருநாள் துள்ளாயியிடம் வாய்விட்டுச் சொன்னான்.

"தங்கச்சி, அவ முகம் எனக்கு மங்கிக்கிட்டே வருது. நேத்து அவ எப்படிச் சிரிப்பான்னு யோசிச்சேன். வரல. அந்தப் பூ வாசனை வந்தா எல்லாம் வந்துடும்னு தோணுது. இந்த வருஷம் பூக்கலன்னா அவ எனக்கு மொத்தமாப் போயிடுவா."

பாவம், துள்ளாயிக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான்.

"கொடிக்குப் பசியாத்தான் இருக்கும்ணே. நான் இன்னும் கொஞ்சம் கொண்டாரேன்" என்று ஓடினாள்.

ஆடியில் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. முதலில் தீய்ந்தது போல ஒரு விளிம்பு, பிறகு பாதி இலை, பிறகு முழு இலை.

"வெயில்தான் காரணம். இன்னும் நாலு கை எச்சம் போட்டா சரியாயிடும்" என்றான் புனுகப்பன்.

ஒருநாள் விடிகாலை. சிலுப்பன் இரை தேடிவிட்டு வளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். முல்லைக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. அந்த இருட்டுக்குள் இடம் பிடித்திருந்த புனுகப்பன் படுக்கப் போகிற நேரம். பக்கத்து மரப் பொந்தில் ஆந்தையும் படுக்கப் போகிற நேரம். இரண்டும் கொட்டாவியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தன.

"என்ன ஓய், இடம் சௌகரியமா?" என்றது ஆந்தை.

"இந்தக் காட்டுலயே இதுமாதிரி படுக்கை கிடையாது. வெயில் இல்ல, காத்து இல்ல. முக்கியமாப் பூ இல்ல. பூ இருந்தா தேனீ வரும். தேனீ வந்தா தூக்கம் போச்சு. அதுக்குத்தானே குகைக்கும் இதுக்குமா நாயா அலைஞ்சேன்."

சிலுப்பன் முதுகு முள் அத்தனையும் எழுந்து நின்றது.

"இறங்குடா கீழே!"

புனுகப்பன் எட்டிப் பார்த்தான். மாட்டிக்கொண்டது தெரிந்ததும் குழைந்தான்.

"அண்ணே, கோபப்படாதீங்க. இலையும் செடியில வர்றதுதானே?"

"பூ வராதுன்னு தெரிஞ்சே போட்டியா?"

"தெரியும்தான். வீரியம் கூடினா செடி இலையிலேயே மயங்கிக் கிடக்கும், பூவை மறந்துடும். ஆனா நான் ஒருத்தனா போட்டேன்? ஊரே கொட்டுச்சு. நீங்களும்தான் தினம் உருட்டிக்கிட்டு வந்தீங்க. என்னை மட்டும் திட்டினா எப்படி?"

புனுகப்பன் கெட்ட எண்ணத்தோடு போட்டான், மற்றவர்கள் நல்ல எண்ணத்தோடு போட்டார்கள். முல்லைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அன்று பகல் அவன் தூங்கவில்லை. வளை வாசலில் உட்கார்ந்து கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்று அடிக்காமலேயே இலைகள் உதிர்ந்தன. மேலே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. கீழே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரே வழிதான். அந்த வழியைத்தான் சத்தியம் அடைத்து வைத்திருந்தது.

"என்ன செய்யச் சொல்ற?" என்று யாருமில்லாத தோட்டத்தைப் பார்த்துக் கேட்டான். "வாக்கைக் காப்பாத்தவா, கொடியைக் காப்பாத்தவா? ரெண்டும் உன்னுதுதான்."

பொழுது சாயும் வரை அப்படியே இருந்தான். பிறகு எழுந்து போனான். கண்ணை மூடிக்கொண்டு, நகத்தை மண்ணில் வைத்தான்.

முதலில் சூடு தட்டியது. மேலே காய்ந்து கிடந்த குவியலுக்கு உள்ளே புதுச் சாணம் வெந்துகொண்டிருந்தது. கை வைக்க முடியவில்லை. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தான். கொடியின் தூர் ஊறிப்போய், பட்டை நெகிழ்ந்து, தொட்டால் உரிந்து வந்தது. இன்னும் தோண்டினான். அங்கே தடித்த வேர்கள்தான் இருந்தன. சத்தை உறிஞ்சுகிற மெல்லிய வேர் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு எருவையும் உண்ண வாயே இல்லாத இடத்தில் கொட்டியிருக்கிறார்கள்!

வேரைப் பற்றி முள்ளம்பன்றிக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? தடித்த வேர் ஒன்றின் மேல் மூக்கை வைத்து, அது போகிற திசையிலேயே மண்ணைப் பறித்துக்கொண்டு போனான். வாயில் எச்சில் ஊறத்தான் செய்தது. அதை விழுங்கிக்கொண்டு போனான். உசிலை மரத்தின் நிழல் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் அந்த வேர் கிளை கிளையாகப் பிரிந்து மயிரிழையாக முடிந்தது. குவியலிலிருந்து மழையில் கரைந்து வந்த சாறு பட்டு அந்த இழைகள் நுனி கருகிக் கிடந்தன.

அந்த இடத்தில் மண் வேறு மாதிரி இருந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த காட்டின் மணத்தோடு. அது சாணமும் அல்ல, வெறும் மண்ணும் அல்ல. நன்றாக மக்கிய எரு. பழையது. அவன் பக்கவாட்டில் தோண்டினான். அங்கேயும் அதே கறுப்பு. வளைந்து வளைந்து, மரத்தைச் சுற்றி ஒரு வட்டமாக அந்த வாய்க்கால் போயிற்று. யாரோ நகத்தால் பறித்து, எருவை நிரப்பி, மண்ணை மூடியிருந்தார்கள்.

வாய்க்காலுக்குள் ஒரு முள் கிடந்தது. முள்ளம்பன்றியின் வால் முள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வெள்ளையும் கறுப்புமாக, நுனி உடைந்து.

சிலுப்பன் அந்த முள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு சிரித்தான். நகம் வைக்காதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, வருஷா வருஷம் நீ தோண்டியிருக்கிறாய்! சிரிப்பு அழுகையாக மாறியது. அவன் அதை நிறுத்த முயலவில்லை.

அழுது முடித்த பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தை மாதம் வந்தால் கிலுக்கி சாயங்காலங்களில் உசிலை மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். "என்ன, பிரதட்சணமா?" என்று இவன் படுத்தபடியே கேலி செய்வான். "ஆமா, உனக்குப் புத்தி வரணும்னு வேண்டுதல்" என்பாள். அந்த மாதத்தில்தான் கொடியின் நுனிகளைக் கடித்துக் குட்டையாக்குவாள். "பாவம், ஏன் வெட்டற?" என்றால், "வெட்டினாத்தான் புதுக் கிளை வரும், புதுக் கிளையிலதான் பூ வரும்" என்பாள்.

வளைக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. குப்பைக் குழி என்றுதான் இவன் நினைத்திருந்தான். விருந்தாளி எரு கொண்டுவந்தால் கிலுக்கி இரண்டு கையாலும் வாங்கி, "ஆகா, என்ன எரு, என்ன எரு" என்று புகழ்வாள். அவர்கள் தலை மறைந்ததும் எல்லாவற்றையும் அந்தக் குழியில் தள்ளிக் காய்ந்த சருகைப் போட்டு மூடுவாள். மழையும் வெயிலும் பட்டு அது மக்குகிற வரை தொடமாட்டாள். பிறகு முல்லைக்கு இவ்வளவு, அரளிக்கு ஒரு கை, நந்தியாவட்டைக்கு அதில் பாதி. கோவைக் கொடிக்கு ஒன்றுமே கிடையாது. "அது கேக்கட்டும், போடலாம்" என்பாள்.

அத்தனையும் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அவன் பார்த்திருக்கிறான். ஏன் என்றுதான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொல்லவில்லை. கொடுத்தவர்கள் மனம் நோகக் கூடாது என்று யாரிடமும் சொல்லாமலே போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் சிலுப்பன் குவியலை அள்ளத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்துத் துள்ளாயி இலை நிறையப் புழுக்கையோடு வந்து நின்றாள். தான் முந்தின வாரம் போட்ட எருவை அவன் வாரித் தூக்கிப்போவதைப் பார்த்ததும் அவள் காது இரண்டும் தொங்கிவிட்டன. அப்படியே திரும்பி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் குளமே திரண்டு வந்துவிட்டது.

சேற்றையன்தான் முன்னால் நின்றான்.

"ஏன் மச்சான், செத்தவளுக்குப் போட்ட சீரை அள்ளி எறியறியாமே? எங்க எரு உனக்கு நாறுதோ?"

"எறியல மச்சான். இடம் மாத்தறேன்."

"போட்ட இடத்துல என்ன குறை? எங்க அப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து தூர்லதான் போடறோம்."

சிலுப்பனுக்குப் பேச்சு சாமர்த்தியம் போதாது. அவன் சேற்றையனைத் தூருக்கு அழைத்துப் போனான்.

"மூக்கை வச்சுப் பாரு."

சேற்றையன் மூக்கை வைத்தான். சூடு பட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இப்ப இங்க வா" என்று வட்ட வாய்க்காலுக்குக் கூட்டிப் போனான். "இங்க வச்சுப் பாரு."

மண்ணுக்குள் மூக்கை நுழைப்பதில் காட்டுப்பன்றியை மிஞ்ச யாருமில்லை. சேற்றையன் ஆழ முகர்ந்தான். முகம் மாறியது.

"மச்சான், இது எங்க எரு. மூணு வருஷத்துக்கு முந்தி உன் வீட்டுக்கு வந்தப்ப நான் கொண்டாந்தது. காட்டெருமைங்களோடதும் இருக்கு. எல்லாம் கலந்து மண்ணா மாறியிருக்கு."

"கிலுக்கி யாரோடதையும் வீணாக்கல. குழியில போட்டு மக்க வச்சு, வேரு இருக்கிற இடமாப் பாத்துப் போட்டிருக்கா" என்று சொல்லிச் சிலுப்பன் அந்த முள்ளை நீட்டினான். "இது அவளோடது. இங்கதான் கிடந்துச்சு."

துள்ளாயி மெதுவாக முன்னால் வந்தாள்.

"அப்ப நாங்கதான் கொடியைக் கெடுத்தோமாண்ணே?"

"நீங்க பிரியத்துல கொண்டாந்தீங்க. நானும் பிரியத்துலதான் கொட்டினேன். ஒருத்தருமே கொடிகிட்ட கேக்கல, தங்கச்சி."

சேற்றையன் குழியை ஆழப்படுத்துகிறேன் என்று மூக்கால் உழ ஆரம்பித்தான். மற்றவர்கள் குவியலைத் தள்ளினார்கள், சருகு கொண்டுவந்தார்கள். தூர் காற்று வாங்கியது. சிலுப்பன் உசிலை மரத்தின் மேல் முன்னங்காலை ஊன்றி நின்றான். கொழுத்துக் கிடந்த தண்டுகளைக் கடித்து வெட்ட வேண்டும். கிலுக்கி நட்ட கொடியில் பல்லை வைக்க அவனுக்குப் பதறியது.

உள்ளேயிருந்து புனுகப்பன் தலையை நீட்டினான்.

"அண்ணே, பார்த்து. இங்க ஒரு ஜீவன் குடியிருக்குது."

"தெரியும். அதான் முதல்ல அந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டப்போறேன்."

ஒவ்வொரு தண்டாக அறுந்து விழுந்தது. படுக்கை ஓட்டையானதும் புனுகப்பன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனான். வேறு காட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். அங்கேயும் யாருக்காவது எரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பான். வெட்டி முடித்தபோது முல்லை நாலைந்து குச்சிகளாக, பார்க்கவே பரிதாபமாக நின்றது. சிலுப்பன் வளைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த வருஷம் பூக்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தவறு உணர்ந்த மறுநாளே கொடி பூத்துக் குலுங்கியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கொடிகள் அப்படி இல்லை. ஐப்பசி வந்தது, மழை வந்தது. சிலுப்பன் தனியாக அந்த மழையைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். குச்சிகளில் இரண்டு பட்டுப்போயின. மற்றவற்றில் சின்னதாக, வெளிர்ப்பச்சையாகத் துளிர் வந்தது. எரு போட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. பின்னங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, போடாமல் இருந்தான். போடுவதைவிட அது கஷ்டமான வேலையாக இருந்தது.

தை மாதம் குழியைத் திறந்தான். உள்ளே சாணம் எது, சருகு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. நாற்றம் போயிருந்தது. பழைய வாய்க்காலிலேயே பறித்து, அளவாக நிரப்பி, மண்ணை மூடினான். கொடியின் நுனிகளைக் கொஞ்சமாகக் கடித்துவிட்டான். அரளிக்கு ஒரு கை, நந்தியாவட்டைக்கு அதில் பாதி. கோவைக் கொடியின் முன்னால் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்றும் போடாமல் வந்தான்.

சித்திரையில் துள்ளாயி வந்தாள். வழக்கம்போல இலை நிறைய எரு.

"அண்ணே, இதை எங்க போடட்டும்?"

"இப்ப வேண்டாம், தங்கச்சி. வெயில் காலம். கொண்டுபோய் உன் வீட்டுலயே சருகு போட்டு மூடி வை. தையில நானே கேட்டு வாங்கிக்கிறேன்."

"அப்ப நான் வந்ததுக்கு?"

"நீ வந்ததே போதும். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கொண்டுவந்ததைக் கொடுக்காமல் ஒரு வீட்டில் உட்காருவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் கிலுக்கியைப் பற்றிப் பேசினாள். ஒருமுறை கிலுக்கி குளக்கரையில் வழுக்கி விழுந்து, முட்களில் ஆம்பல் பூக்கள் குத்திக்கொண்டு, அப்படியே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்ட கதை. சிலுப்பனுக்கு அந்தக் கதை தெரியாது. வயிறு வலிக்கச் சிரித்தான். அதன்பிறகு சேற்றையனும் வெறுங்கையோடு வர ஆரம்பித்தான். அவனிடமும் கிலுக்கியைப் பற்றி ஒரு கதை இருந்தது. காட்டெருமைகளிடம்கூட ஆளுக்கொன்று இருந்தது. முந்தின வருஷமெல்லாம் எருவைக் கொட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று போனவர்கள் ஒருவரும் உட்கார்ந்து இதையெல்லாம் பேசியதில்லை. இவனும் கேட்டதில்லை.

ஆனியில் ஒரு சாயங்காலம் சிலுப்பன் தூக்கத்திலிருந்து விழித்தான். பசி இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஏன் விழித்தோம் என்று முதலில் புரியவில்லை.

பிறகு மூக்கு சொன்னது.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. வாசனை மெலிதாக இருந்தது, பழைய வருஷங்களில் பாதிகூட இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது. கிலுக்கியின் முகம் வந்தது. முகம் மட்டும் வரவில்லை. ஆம்பல் பூ குத்திய முட்களோடு, அவன் ஒருநாளும் பார்த்திராத கோலத்தில், கல்யாண வீட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தது முல்லையா, துள்ளாயியா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்து பார்த்தான். கொடியில் எண்ணி எடுத்துவிடலாம் போல வெள்ளைப் பூக்கள். அதற்குக் கீழே துள்ளாயியும் சேற்றையனும் மற்றவர்களும் அவனுக்கு முன்பே வாசனை பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் எதுவும் இல்லை.

"மச்சான், என்னமோ வெறுங்கையோட வந்துட்டோம்" என்றான் சேற்றையன்.

"நல்ல வேலை செஞ்சீங்க" என்று சொல்லிச் சிலுப்பன் அவர்கள் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தான்.

பிரியத்தோடு கொடுப்பதாக இருந்தாலும், எது வேண்டும், எங்கே வேண்டும், எப்போது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்றுமே வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே பெரிய கொடை.